ஃபெஸ்: ஆற்றைத் தாண்டினீர்களா?

மொராக்கோவில் ஃபெஸ் நகருக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கியிருப்பதாக நண்பன் சொன்னான். இரண்டு நாளாக்கு, இல்லாவிட்டால் விட்டுவிடு என்றேன். கோபித்துக்கொண்டான். அவனுக்குச் சொன்ன விளக்கத்தை இங்கேயும் போட்டுவைக்கிறேன்.

பழைய ஃபெஸ் ஒரு கிண்ணம். மேற்கு விளிம்பில் பாப் பூ ஜெலூத் என்ற நீல வாசல். அடியில் ஆறு, அதன் பக்கத்தில் கரவிய்யீன் மசூதி. வாசலிலிருந்து தலா கபீரா, தலா ஸகீரா என்று இரண்டு தெருக்கள் சரிந்து இறங்குகின்றன. வழி தவறிவிட்டால் கைப்பேசியைத் தடவ வேண்டாம். கால் தானாக இறங்கினால் மசூதிப் பக்கம் போகிறீர்கள், மூச்சு வாங்கினால் வாசல் பக்கம். பின்னால் "பாலக்!" என்று குரல் கேட்டால் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். சுமையோடு கோவேறு கழுதை வருகிறது.

எல்லாக் குழுக்களையும் இந்த இறக்கத்தில்தான் கூட்டிப்போவார்கள். அதில் குறையில்லை. 14ஆம் நூற்றாண்டில் மரீனிய சுல்தான் அபூ இனான் கட்டிய பூ இனானியா மதரஸா வழியிலேயே இருக்கிறது. கீழே வண்ண ஓடு, நடுவில் சுண்ணச் செதுக்கல், மேலே தேவதாரு மரவேலை; அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். அப்புறம் மசாலாக் கடைத்தெரு, அதன் முடிவில் அத்தாரீன் மதரஸா. சின்னதுதான், ஆனால் எனக்கு இதுதான் ஒரு படி மேல். கரவிய்யீனை 859இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண் நிறுவியதாக மரபு. முஸ்லிம் அல்லாதவர்கள் வாசலில் நின்று முற்றத்தை எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

என் புகார் இதற்குப் பிறகுதான். அடுத்து ஷுவாரா என்ற இடத்தில் தோல் பதனிடும் தொட்டிகளுக்கு அழைத்துப்போவார்கள், அதாவது தோல் கடைகளுக்கு. தொட்டிகள் நன்றாகத் தெரிவது அந்தக் கடைகளின் மாடியிலிருந்துதான். மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினா தருவார்கள். சுண்ணாம்பும் புறா எச்சமும் ஊறிய நாற்றம் அதற்கெல்லாம் அடங்காது. எனக்கு டீ கொடுத்து, முக்கால் மணி நேரம் ஜாக்கெட் மாட்டிக் கழற்றினார்கள். நான் எதுவும் வாங்கவில்லை. வழிகாட்டியின் முகம் சுருங்கியது, சுற்றும் முடிந்தது.

ஆற்றைத் தாண்டவே இல்லை! 789இல் முதலாம் இத்ரீஸ் ஊரைத் தொடங்கியதே அந்தக் கரையில்தான். 818இல், அப்போது அந்தலூஸ் எனப்பட்ட முஸ்லிம் ஸ்பெயினின் கொர்தோபாவிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வந்து குடியேறியதால் அதற்கு அந்தலூஸ் பகுதி என்று பெயர். இரண்டாம் நாள் ரசீஃப் சதுக்கத்தில் போய் இறங்குங்கள். பெத்தி டாக்ஸி என்ற சிவப்புச் சின்ன டாக்ஸி கிடைக்கும், மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். அங்கிருந்து அந்தலூஸ் மசூதியின் பெரிய வாசல் வரை ஏறிப்போகலாம். பக்கத்திலேயே ஸஹ்ரிஜ் மதரஸா. ஸஹ்ரிஜ் என்றால் குளம், முற்றத்தில் அந்தக் குளம் இருக்கிறது. இந்தப் பக்கம் யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வீட்டில் பிசைந்த ரொட்டி மாவைப் பலகையில் வைத்துத் தெரு அடுப்புக்குச் சுமந்துபோகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

நண்பன் இப்போது இரண்டு நாள் போட்டுவிட்டான். அதில் ஒன்று வெள்ளிக்கிழமை. பாதிக் கடைகள் மூடியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நடப்பதற்கு அதைவிட நல்ல நாள் ஏது?