தஹாபில் மலை முதலில், கடல் பிறகு

தஹாபுக்குக் கிளம்புகிறவர்களின் பயணத் திட்டங்களில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. பகலில் இரண்டு டைவ். இரவு பதினொரு மணிக்கு வேன் ஏறி சினாய் மலை. உச்சியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பி வந்து, மறுநாள் காலை மறுபடி கடல். கடற்கரைக் கடைகளில் இரண்டையும் ஒரே பலகையில் எழுதி விற்கிறார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்பது அந்தப் பலகையில் இருக்காது. போகிறவர்கள் அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: எகிப்தின் சினாய் தீபகற்பத்தில், அகபா வளைகுடாக் கரையில், ஷார்ம் எல் ஷேக்குக்கு வடகிழக்கே சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கிறது தஹாப். முஸைனா குலத்துப் பெதுயின்களின், அதாவது பாலைவன அரபு மக்களின், ஊர். பின்னால் ஒரு புல்கூட இல்லாத கிரானைட் மலைகள், முன்னால் கடல், எதிர்க்கரையில் சவுதி அரேபியாவின் மலைகள். நிலத்தட்டுகள் விலகிப் பிளந்ததால் உண்டான வளைகுடா இது. அதிக ஆழம் 1,800 மீட்டருக்கும் மேல். அதனால்தான் கரையிலிருந்து சில பத்து மீட்டர் நீந்தினாலே பவளச்சுவர் செங்குத்தாக இறங்கிவிடுகிறது. படகு வேண்டாம், பிக்கப் வண்டியில் சிலிண்டரைப் போட்டுக்கொண்டு போய், கரையில் மாட்டிக்கொண்டு, நடந்தே இறங்கலாம். உலகத்தில் இவ்வளவு நல்ல கரை டைவிங் கிடைக்கும் ஊர்கள் குறைவு.

இப்போது மலை விஷயம். 18 மீட்டர் ஆழத்தில் உடலின் மேல் 2.8 மடங்கு வளிமண்டல அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் மூச்சுக்காற்றின் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்ல வெளியேற மணிக்கணக்கில் ஆகும். சினாய் மலையின் உச்சி 2,285 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அழுத்தம் இப்படிக் குறையும்போது உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழ்களாகிக் கெடுதல் செய்யும். விமானத்தின் உள்ளேயும் கிட்டத்தட்ட அதே அழுத்தம்தான். டைவ் செய்துவிட்டு நேரே விமானம் ஏறக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதே ஆள் அன்று இரவே மலை ஏறுகிறார்! டைவர்களின் பாதுகாப்புக்கான டான் அமைப்பின் பறத்தல் விதி மலைக்கும் பொருந்தும்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம், மேலே வரும் வழியில் நின்று நைட்ரஜனை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிடவும் அதிகம். 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கே போட வேண்டாம். உச்சிக்குப் போகாமல் புனித கத்தரீன் மடத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவோம் என்றாலும் விதி மாறாது. மடமே 1,500 மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. அந்தக் குமிழ்களால் வரும் டீகம்ப்ரஷன் நோயின் ஆரம்ப அறிகுறிகள் மூட்டு வலி, மரத்துப்போதல், அசாதாரணமான களைப்பு. விடிய விடிய மலை ஏறி இறங்கியவருக்கு முழங்கால் வலித்தால் படிக்கட்டால் வந்த வலி என்றுதான் நினைப்பார். நோய் என்று சந்தேகம் வருவதற்குள் நேரம் போய்விடும். அந்த மலையடியிலிருந்து, இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள இடத்துக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வண்டியில் வர வேண்டும்.

ஆகவே மலை முதலில். வந்து சேர்ந்து ஒரு ராத்திரி தூங்கிவிட்டு, அடுத்த இரவு மலைக்குப் போங்கள். பாஸ்போர்ட்டின் அசலைக் கையில் வைத்திருங்கள், வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு. ஏற இரண்டு வழி: ஒட்டகப் பாதை சாய்வாக வளைந்து போகும், கடைசி 750 படிகளை மட்டும் எல்லாரும் ஏறியாக வேண்டும். இன்னொன்று துறவிகள் போட்ட 3,750 கல்படிகள். அதை இறங்க வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் ஏற அது சரிப்படாது. பெதுயின் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். குளிர்காலத்தில் உச்சியில் உறைநிலைக்குக் கீழே போகும், சில வருடம் பனியே பெய்யும். கடற்கரையில் டி-ஷர்ட்டோடு நின்றவர்கள் அதே டி-ஷர்ட்டோடு வேனில் ஏறி உச்சியில் நடுங்குவது வாடிக்கை. தடித்த மேலங்கி, குல்லா, தலைவிளக்கு, ஒன்றரை லிட்டர் தண்ணீர் இருந்தால் போதும். மடம் ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டியது. வழக்கமாகக் காலையில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். வெள்ளி, ஞாயிறு, திருவிழா நாட்களில் மூடியிருக்கும் என்பதால் கிழமை பார்த்துப் போங்கள்.

மூச்சடக்கி மூழ்கும் ஃப்ரீடைவிங் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் அதையும் ஸ்கூபாவுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூபா முடிந்த உடம்பில் நுண்ணிய நைட்ரஜன் குமிழ்கள் மிச்சமிருக்கும். அதோடு வேகமாக ஆழத்துக்குப் போய் வேகமாக மேலே வந்தால் அந்தக் குமிழ்கள் போகக் கூடாத பக்கம் போகும். ஒரே நாளில் இரண்டும் செய்தே தீர வேண்டும் என்றால் காலையில் ஃப்ரீடைவிங், பிறகு ஸ்கூபா. தலைகீழாக ஒருபோதும் வேண்டாம்.

ஸ்கூபாவின் முதல் நாள் லைட்ஹவுஸ். ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, மணல் சரிவு, பயிற்சி டைவ்களுக்கு வசதி. இங்கே, மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈய எடையைச் சரிபார்க்காமல் வேறெங்கும் போகாதீர்கள். அந்தமானிலோ புதுச்சேரியிலோ கற்றுக்கொண்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வங்கக் கடலில் ஆறுகள் கொட்டுவதால் உப்பு குறைவு, ஆயிரத்துக்கு 33 பங்கு அளவில். இங்கே மழையும் இல்லை, ஆறும் இல்லை, வெயிலில் ஆவியாகி 40-ஐத் தாண்டிவிடும். உப்பு கூடினால் உடம்பு அதிகம் மிதக்கும். அந்த வித்தியாசத்துக்கு மட்டும் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கூடுதல் எடை வேண்டும். அதோடு அங்கே 3 மில்லிமீட்டர் உடையோ வெறும் டி-ஷர்ட்டோ போட்டவர் இங்கே 5 மில்லிமீட்டர் வெட்சூட் போடும்போது இன்னும் இரண்டு கிலோ, சிலருக்கு மூன்றும் ஏறும். பழைய கணக்கிலேயே இறங்கினால் தொடக்கத்தில் சமாளித்துவிடலாம். கடைசியில் சிலிண்டர் காலியாகி லேசாகும்போது 5 மீட்டர் பாதுகாப்பு நிறுத்தத்தில் நிற்க முடியாமல் மேலே தூக்கிப்போடும். சோதிக்கும் முறை: காற்று நிரப்பி மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டையான பிசிடியில் காற்றை முழுக்க வெளியேற்றி, சாதாரணமாக மூச்சை இழுத்துப் பிடித்து நேராக நின்றால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெதுவாக அமிழ வேண்டும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது இதைச் செய்தால் மேலும் இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள், அலுமினிய சிலிண்டரிலிருந்து போகும் காற்றின் எடை கிட்டத்தட்ட அவ்வளவு.

தண்ணீர் ஆகஸ்டில் 27, 28 டிகிரி. பிப்ரவரியில் 21, 22. நம் ஊர்க் கடலில் பழகியவர்களுக்கு 22 டிகிரியில் நாற்பது நிமிடம் என்பது நடுக்கம்தான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக எடுக்க வேண்டாம், குளிர் தாங்காதவர்கள் 7 கேளுங்கள். கரையேறிய பிறகு வீசும் வடக்குக் காற்று அதைவிடக் குளிரும்.

காலுக்குக் கனமான அடி உள்ள பூட்ஸ் கட்டாயம். பவள மேடையின் மேல் முழங்கால் தண்ணீரில் நடந்துதான் பல இடங்களில் இறங்க வேண்டும். கடல் முள்ளெலியும் கல்மீனும் அங்கேதான் கிடக்கும். கல்மீனோ சிங்கமீனோ குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் உடனே அந்த இடத்தை முக்கி வையுங்கள். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். நஞ்சு புரதம் என்பதால் சூட்டில் முறியும். ஐஸ் வைத்தால் பிரயோஜனமில்லை. வெந்நீரோடு நிறுத்தாமல் மருத்துவமனைக்கும் போக வேண்டும்.

அடுத்த நாள் ஈல் கார்டன். மணல் வெளியில் நூற்றுக்கணக்கான விலாங்குகள் பாதி உடம்பை வெளியே நீட்டி ஆடிக்கொண்டு நிற்கும்; பக்கத்தில் போனால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அலை இருக்கும் நாளில் அங்கேயே கரையேறுவது கஷ்டம், வழி குறுகலானது. வடக்கே இங்கே இறங்கி, நீரோட்டம் ஒத்துழைத்தால் தெற்கே லைட்ஹவுஸில் ஏறுவதுதான் வசதி. ஸ்நார்கல் செய்கிறவர்களுக்கும் இதே வழி. எப்போதும் காலையில், பத்து, பதினொரு மணிக்கு மேல் காற்று பிடித்துக்கொள்ளும்.

அந்தக் காற்றுக்காகவே ஒரு கூட்டம் தஹாபுக்கு வருகிறது. ஊருக்குத் தெற்கே லகூனில் மணல் நாக்கு ஒன்று கடலுக்குள் நீண்டு அலையைத் தடுக்கிறது. காற்று வரும், அலை வராது. விண்ட்சர்ஃபிங், கைட் சர்ஃபிங் கற்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. புதியவர்கள் அந்த மணல் நாக்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் காற்று திறந்த வளைகுடாவுக்குத் தள்ளிவிடும். மீட்புப் படகு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாடகைக்கு எடுங்கள்.

கேன்யன் 30 மீட்டர் வரை இறங்கும் பிளவு. ஆழத்துக்குப் போக அனுமதிக்கும் அட்வான்ஸ்டு சான்றிதழ் வேண்டும். மேலே ஃபிஷ் பவுல் என்ற குகை போன்ற இடத்தில் கண்ணாடி மீன்கள் திரை போல நிற்கும். கீழே போகிறவர்கள் விடும் குமிழ்கள் மணலிலும் பவளத்திலும் உள்ள சந்துகள் வழியாகக் கசிந்து மேலே வருவதைப் பார்ப்பதே ஒரு காட்சி.

இப்போது ப்ளூ ஹோல், கரையை ஒட்டிய பவளத்தில் இருக்கும் ஆழமான குழி. இங்கே என் கருத்து உறுதியானது: அது அழகான இடம், ஆனால் அதை வெளிக்கடலோடு இணைக்கும் ஆர்ச் என்ற வளைவு பொழுதுபோக்கு டைவருக்கு உரியதல்ல. வளைவின் மேற்கூரையே சுமார் 55 மீட்டரில் இருக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40. 55 மீட்டரில் அழுத்தம் 6.5 மடங்கு. நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுக்கிறவர் அங்கே 130 லிட்டர் இழுப்பார். வழக்கமான 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் மொத்தம் 2,200 லிட்டர். 50 பாரை மிச்சம் வைத்தால் 1,650. பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். அதற்குள் இறங்கும் நேரமும் உண்டு, ஏறும்போது கட்டாய நிறுத்தங்களும் உண்டு. கணக்கு கட்டி வராது. பதற்றத்தில் மூச்சு இரட்டிப்பானால் ஆறு நிமிடம்.

இதற்கு மேல் நைட்ரஜன் மயக்கம். அந்த ஆழத்தில் குடித்தவர் நிலைதான். கணிப்பு தப்பும், பயம் மறையும். வளைவு சுமார் 26 மீட்டர் நீளம். வெளிப்பக்கத்து நீல வெளிச்சம் உள்ளே தெரிவதால் அருகில் இருப்பது போலத் தோன்றும். நுழைவாயிலைத் தவறவிட்டு, இன்னும் கீழே இருக்கும் என்று இறங்கிக்கொண்டே போனவர்கள் உண்டு. 32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ் 32 நிரப்பிய சிலிண்டர் என்றால் நிலைமை இன்னும் மோசம்: அதன் பாதுகாப்பான எல்லை 34 மீட்டர் அளவில். 55-ல் ஆக்சிஜன் அழுத்தம் 2-ஐத் தாண்டும், வலிப்பு வந்து, மூச்சுக்காற்றைத் தரும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவக்கூடும். கரையில் பாறை முழுக்க இறந்தவர்களின் நினைவுப் பலகைகள். அவற்றைப் பார்த்த பிறகும் “நான் சரியாகச் செய்துவிடுவேன்” என்று நினைக்கிறவர்கள் தொழில்நுட்ப டைவிங் படித்து, இரட்டை சிலிண்டரும் ஹீலியம் கலந்த வாயுவும் எடுத்துக்கொண்டு, தகுந்த ஆசிரியரோடு வரட்டும். உள்ளூரில் யாராவது “சும்மா ஒரு தடவை காட்டுகிறேன்” என்றால் அந்த ஆளோடு வேறு எந்த டைவுக்கும் போகாதீர்கள்.

அனுபவிக்க வேண்டியது பெல்ஸ் வழி. ப்ளூ ஹோலுக்குச் சற்று வடக்கே பவளத்தில் ஒரு பிளவு, புகைபோக்கி மாதிரி செங்குத்தாக இறங்கி 27 மீட்டர் வாக்கில் சுவரின் வெளியே திறக்கும். அங்கிருந்து பவளச்சுவரை வலது தோளில் வைத்துக்கொண்டு தெற்கே போனபடியே ஆழத்தைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். முடிவில் 6, 7 மீட்டரில் இருக்கும் மேட்டைத் தாண்டி ப்ளூ ஹோலுக்குள் நுழையலாம். இதில் தவறுவது எங்கே என்றால், சுவருக்கு அடி கிடையாது. கீழே நிற்க மணல் இல்லாததால் மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் அறியாமலே 35, 40 என்று நழுவுவார். வழிகாட்டிக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். இதை மூன்றாவது, நான்காவது நாளில் வையுங்கள், முதல் நாளில் வேண்டாம்.

இங்கே பவளத்தைத் தொடாதீர்கள் என்பதற்கு வழக்கமான காரணத்தைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. பனியுகம் முடிந்தபின் இந்தப் பவளங்கள் செங்கடலின் தெற்கு வாயிலான பாபல் மந்தப் வழியாக, மிகச் சூடான நீரைக் கடந்து வடக்கே வந்து குடியேறியவை. சூடு தாங்காதவை வழியிலேயே ஒழிந்தன. அதனால் அகபா வளைகுடாவின் பவளங்கள் இங்குள்ள கோடை உச்சத்தைவிடச் சில டிகிரி கூடுதலையும் பெரும்பாலும் வெளுக்காமல் (நிறமிழந்து நலியாமல்) தாங்குகின்றன. மற்ற கடல்கள் வெளுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் கடைசியாக மிஞ்சக்கூடிய பவளத் தோட்டங்களில் இது ஒன்று. சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு இறங்குவதற்குப் பதில் முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் கடலுக்கு லீவு. அன்று ராஸ் அபு கலும் என்ற கடற்கரைக்குப் போகலாம். கடல் மட்டத்திலேயே இருப்பதால் உயரப் பிரச்சினை இல்லை. ப்ளூ ஹோலிலிருந்து கரையோரமாக ஒன்றரை மணி நேர நடை, அல்லது ஒட்டகம். நிழல் கிடையாது, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். அங்கே பெதுயின் குடில்களில் மீனும் சோறும், புதினா போன்ற ஹபக் இலை போட்ட டீயும் கிடைக்கும். சில்லறை எடுத்துப் போங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அங்கே அள்ள வண்டி வராது. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே வேண்டிய 24 மணி நேரமும் இதிலேயே கழிந்துவிடும்.

டைவ் சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது விலைக்கு முன் இவற்றைக் கேளுங்கள்: வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அருகிலுள்ள அழுத்த அறை எது, என் காப்பீடு அங்கே செல்லுமா, முதல் நாள் சோதனை டைவ் உண்டா. “உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம், நேரே பெல்ஸ் போகலாம்” என்று பதில் வந்தால் பக்கத்துக் கடைக்கு நடங்கள். அந்தத் தெருவில் சென்டர்களுக்குப் பஞ்சமில்லை.