அவருக்கு நாற்பது பக்கம், அம்மப்பாவுக்கு ஒரு பித்தளை வில்லை

திருகோணமலை உப்புவெளிப் போர்க் கல்லறைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. தெரிந்த விடுதிக்காரர் கேட்பார். நானோ ஓய்வுபெற்ற வாத்தியார், மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைப்பதில்லை. போன மாதம் வந்தவர் இங்கிலாந்துக்காரர், எழுபது தாண்டிய மனிதர். கல்லறையில் அவருக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அவருடைய தாய்மாமன் 1944இல் பதினெட்டு வயதில் எங்கள் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் இருந்தவராம். உயிரோடு வீடு திரும்பி, வயதாகித்தான் இறந்திருக்கிறார். மாமன் எழுதிவைத்த ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் இவருடைய ஆசை.

கையில் ஒரு கோப்பு. நாற்பது பக்கமாவது வரும். மர நிழலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். எந்தத் தேதியில் படையில் சேர்ந்தார், எந்தக் கப்பலில் ஏறினார், எப்போது இறங்கினார், எப்போது காய்ச்சலில் படுத்தார், எல்லாம் இருக்கிறது. ஒரு கப்பலை விட்டுப் போகும்போது கப்பல் தலைவர் கொடுக்கும் மெல்லிய நற்சான்றுத் தாளும் இருந்தது. 'எனக்கு முழுத் திருப்தி தரும்படி நடந்துகொண்டார்' என்பது அதில் வழக்கமாக வரும் வரி. நம் பாடசாலை விடுகைப் பத்திரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் 'நன்னடத்தை உள்ளவர்' என்று நாங்கள் எழுதிக்கொடுத்ததை நினைத்துச் சிரித்துவிட்டேன். அந்த வரியில் ஒரு சொல் குறைந்தால்தான் விஷயம் என்றார் அவர். அதுவும் நமக்குத் தெரிந்த கதைதான்.

என்னை உட்காரவைத்தது அந்த மாமனின் நாட்குறிப்பு. பிரிட்டிஷ் கடற்படையில் மிட்ஷிப்மன் என்று ஒரு நிலை உண்டு. அதிகாரியாகப் பழகும் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள். அந்தக் காலத்தில் அவர்கள் ஒவ்வொருவரும் கட்டாயம் நாட்குறிப்பு எழுத வேண்டும். கவனித்துப் பார்க்கவும், பார்த்ததைச் சொல்லவும், ஒழுங்காக வைத்திருக்கவும் பழக்குவதே அதன் நோக்கம் என்று கொப்பியின் முன்பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். வரைபடமும் கீற வேண்டும். மேலதிகாரி பார்த்துக் கையெழுத்து வைப்பார். இந்தப் பையனுடைய எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் திருத்தியிருந்தார்கள். உலகப் போர் நடக்கிறது, அதற்குள் எழுத்துப்பிழை பார்க்கிறார்கள்! வாத்தியார் மனசுக்கு அது பிடித்துப்போனது.

அப்புறம் ஒரு பக்கத்தைத் திருப்பினார். மிதக்கும் கப்பல்துறையின் குறுக்குவெட்டுப் படம், பென்சிலில்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மிதக்கும் கப்பல்துறை என்றால் மேல்பக்கமும் இரு முனைகளும் திறந்த ஒரு பெரிய இரும்புத் தொட்டி. சுவர்களிலும் அடியிலும் உள்ள அறைகளில் தண்ணீர் ஏற்றினால் தாழும். கப்பல் உள்ளே வந்ததும் தண்ணீரை இறைத்தால் கப்பலையும் தூக்கிக்கொண்டு மேலே வரும். இறைக்கும் ஒழுங்கு பிசகினால் ஒரு பக்கம் பாரம் கூடி முறிந்துவிடும். 1944 ஆகஸ்ட் 8 அன்று திருகோணமலையில் அதுதான் நடந்தது. உள்ளே நின்றது வேலியன்ட் என்ற பெரிய போர்க்கப்பல். துறை உடைந்து தாழ்ந்தது. கப்பல் மூழ்கவில்லை, ஆனால் அடிப்பகுதி பலத்த சேதம். அதன் பிறகு அந்தக் கப்பல் போருக்கு உதவவில்லை. ஜப்பான்காரன் 1942 ஏப்ரல் 9 அன்று அத்தனை விமானங்களோடு வந்தும் எங்கள் துறைமுகத்தில் இப்படி ஒரு பெரிய போர்க்கப்பலை முடக்கவில்லை. தண்ணீர் இறைத்த பிழை முடக்கிவிட்டது.

இந்தக் கதை எனக்குப் புதிதில்லை. வேறு வாயால் கேட்டிருக்கிறேன். அம்மப்பா, அதாவது அம்மாவின் அப்பா, டொக்யாட் என்ற கடற்படைக் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் இயந்திரம் பூட்டும் பிட்டராக இருந்தவர். அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. 'இரும்பு கத்தின இரவு' என்றுதான் அவ இன்றைக்கும் சொல்லுவா. அப்பா விடியத்தான் வந்தார், உடம்பெல்லாம் எண்ணெய், அம்மாச்சி சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இவ்வளவுதான் அம்மாவின் ஆவணக்காப்பகம்.

அந்த வெள்ளைக்காரப் பையனும் என் அம்மப்பாவும் ஒரே இரவில் ஒரே துறைமுகத்தில் இருந்திருக்கிறார்கள். பையனுக்கு நாற்பது பக்கம். அம்மப்பாவுக்கு எங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் ஒரு பித்தளை வில்லை, 1173 என்று இலக்கம் அடித்தது. வாசலில் கொடுத்து உள்ளே போய், மாலையில் திருப்பி வாங்கிக்கொண்டு வருவதற்கு. நாட்குறிப்பு முழுக்கத் தேடினேன். எங்கள் ஆட்கள் வருவது இரண்டே சொல்லில்: 'உள்ளூர் வேலையாட்கள்'.

இதைச் சொன்னதும் ஒரு நண்பர், 'வெள்ளைக்காரன் புத்தி அப்படித்தான்' என்றார். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். காகிதம் நிறத்தை மட்டும் பார்த்துச் சேரவில்லை, பதவியையும் பார்த்தது. ராஜன் கதிர்காமர் நம்மவர். போர்க்காலத்தில் இலங்கைத் தொண்டர் கடற்படையில் இளம் அதிகாரியாகத் தொடங்கி, 1960இல் இலங்கைக் கடற்படைத் தளபதியானார். அவருடைய தேதிகளை இன்றைக்கும் தேடி எடுக்கலாம். பிறகு எலிசபெத் ராணியின் கணவரான பிலிப் இளவரசர் வெல்ப் என்ற நாசகாரிக் கப்பலில் இங்கிருந்து போனபோது அவருக்கு வயது 23. அந்தக் கப்பல் எங்கெங்கே போனது, எந்தத் தாக்குதலில் துணை நின்றது, 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ குடாவில் நின்றது வரை பதிவு உண்டு. கீழே எண்ணெய் பூசியவனுக்கும் ஆணி அடித்தவனுக்கும் இலக்கம் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

சரி, அவர்கள் விட்டார்கள். நாம் என்ன செய்தோம்?

1983இலும் 1990இலும் வீடு எரிந்து ஓடியவர்களிடமும், 2004இல் கடலுக்கு எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்களிடமும் காகிதம் எங்கே என்று கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் எங்கள் வீடு எரியவில்லை, கடலும் வரவில்லை. அம்மப்பாவின் சம்பளப் புத்தகமும், படம் ஒட்டிய பாஸும், 1957இல் வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துப் போனபோது கொடுத்த கடிதமும் என் மாமா வீட்டுக்கு வெள்ளையடித்த வருடம் பழைய பேப்பர்க்காரரிடம் போனது. கிலோக் கணக்கில். நானும் அங்கேதான் நின்றேன், மூட்டை கட்ட உதவினேன். வில்லை தப்பியது, அது பித்தளை என்பதால், பிறகு விற்கலாம் என்று.

2018இல் எங்கள் துறைமுகத்தின் அடியிலிருந்து சகைங் கப்பலைத் தூக்கினார்கள். ஜப்பான் குண்டில் எரிந்து, 1943இல் தாழ்க்கப்பட்ட கப்பல், 75 வருடம் தண்ணீருக்குள் கிடந்தது. கடற்படைச் சுழியோடிகள் மாதக்கணக்கில் பாடுபட்டார்கள். நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கப்பலில் மூட்டை இறக்கியவனின் பேரப்பிள்ளை உட்துறைமுக வீதியில் இருந்தால், அந்தப் பிள்ளையிடம் போய் ஒரு மணித்தியாலம் பேச ஒருவருக்கும் தோன்றவில்லையே.

'காலனிக் காலத்து அதிகாரி நாட்குறிப்பு நமக்கெதற்கு' என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டும். அந்தப் பையன் எழுதாவிட்டால் அம்மாவின் 'இரும்பு கத்தின இரவு' எது என்று எனக்குத் தேதியோடு தெரிந்திருக்காது. எங்கள் துறைமுகத்தில் அன்றைக்கு எந்தக் கப்பல் நின்றது, மழை பெய்ததா என்பதெல்லாம் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. அவர்களுடைய போர்தான், ஆனால் நடந்தது எங்கள் முற்றத்தில்.

அந்தக் குறுக்குவெட்டுப் படத்தின் பிரதி ஒன்றை அவர் எனக்கு வட்சப்பில் அனுப்பினார். அம்மாவிடம் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா. 'வடிவாக் கீறியிருக்கிறான்' என்றா. பிறகு, 'ஆக்களைக் கீறேல்லையே.'

திருகோணமலையில் டொக்யாட், எண்ணெய்க்குதம், சீனன்குடா விமானத்தளம் என்று வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு வேலை செய்யுங்கள். பெட்டியைத் திறந்து, இருக்கிற படத்தின் பின்பக்கத்தில் ஆளின் பெயர், என்ன வேலை, எந்த வருடம் என்று எழுதிவையுங்கள். எனக்கு அனுப்புவது பிறகு பார்க்கலாம். பேனையால் எழுத வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். பென்சில் போதும்.