நெருப்பு நடக்கும் சூளை

பழைய ஆலைகளை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கும் இடங்களில் கூட்டமெல்லாம் பெரிய எந்திரத்தின் முன்னால்தான் நிற்கும். செங்கல் ஆலைக்குப் போனால் முதலில் சூளைக்குள் நுழையுங்கள் என்பேன்.

ஜெர்மனியில் பெர்லினுக்கு வடக்கே, ஹாஃபெல் ஆற்றை ஒட்டி மில்டன்பெர்க் என்ற ஊரில் அப்படியொரு பழைய செங்கல் ஆலை இருக்கிறது. 1887-ல் அந்தப் பக்கம் ரயில் பாதை வேலை நடந்தபோது களிமண் படிவம் அகப்பட்டது. அப்புறம் வரிசையாகச் சூளைகள், படகு படகாக பெர்லினுக்குச் செங்கல். 1991-ல் எல்லாம் நின்றது. மண் எடுத்த குழிகள் இப்போது ஏரிகள். சுற்றிப் பார்க்கக் குட்டி ரயிலும் உண்டு, அதில்தான் குழந்தைகளுக்குக் கண்.

நான் நகராமல் நின்றது வட்டச் சூளையில். ஃபிரீட்ரிஷ் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியர் 1858-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. பழைய சூளையில் கல்லை அடுக்கி, சுட்டு, ஆறவிட்டுப் பிரிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் சூளையைச் சூடேற்றிய கரி வீண். ஹாஃப்மன் கல்லை இருந்த இடத்தில் விட்டுவிட்டு நெருப்பை நடக்க வைத்தார். வளையமாக அறைகள், கூரைத் துளைகள் வழியே நிலக்கரியைப் போடப்போட, தீ அடுத்தடுத்த அறைக்கு நகரும். வெந்து ஆறும் கற்களின் ஊடே வருகிற காற்று சூடாகியே தீயை வந்து சேரும். தீயைத் தாண்டிய புகை, முன்னால் அடுக்கியிருக்கும் பச்சைக்கல்லை, அதாவது இன்னும் சுடாத செங்கல்லை, காயவைத்துவிட்டுத்தான் புகைபோக்கிக்குப் போகும். கெட்டிக்கார மூளை, சந்தேகமே இல்லை!

ஆனால் அணையாத தீக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ராத்திரியிலும் யாராவது கூரைமேல் கரி போட்டாக வேண்டும். சில அறைகள் தள்ளி 1,000 டிகிரியை ஒட்டிய சூட்டில் கல் வேகும்போதே, இந்தப் பக்கம் ஆட்கள் சூடு தணியாத கல்லைக் கையால் பிரித்துத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். காலியான அறையில் உடனே பச்சைக்கல் அடுக்க வேண்டும், தீ சுற்றி வந்துவிடும். மேஸ்திரியே மனசு வைத்தாலும் வேலையை நிதானப்படுத்த முடியாது.

எந்திரத்தின் குதிரைசக்தியைப் பலகையில் எழுதுகிறவர்கள், கல் பிரித்தவர் கையில் என்ன சுற்றிக்கொண்டார், கூலி நாள் கணக்கா கல் கணக்கா என்றும் எழுதலாமே. அதில்லாத காட்சிக்கூடம் எனக்கு அரைகுறைதான்.

பெர்லினிலிருந்து போகிறவர்கள் வழியில் ஓரானியன்பர்க்கிலும் இறங்குங்கள். அங்கே 1938 முதல் நாஜிகள் சாக்சன்ஹவுசன் வதைமுகாம் கைதிகளைக் கொண்டே ஒரு பெரிய செங்கல் ஆலையைக் கட்டினார்கள், ஹிட்லர் கனவு கண்ட புது பெர்லினுக்குக் கல் வேண்டுமென்று. அந்த வேலையில் ஏராளமானோர் செத்தார்கள். இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பார்ப்பது மனசுக்குக் கஷ்டம்தான். இருந்தாலும் நான் அப்படித்தான் பார்க்கச் சொல்வேன்.