லுவாங்கோ ஒப்பந்தத்துக்கு வான்கூவர் மட்டும்தான் பொறுப்பா?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். பற்றிய ஒரு கட்டுரையில், நட்சத்திர வீரர்களுக்கு முதிய வயதுவரை நீளும் ஒப்பந்தம் கொடுத்த அணிகள் தண்டனைக்கு உரியவைதான் என்று கட்டுரையாளர் முடிக்கிறார். என்னால் ஏற்க முடியவில்லை.

சூழ்ச்சி நடந்தது உண்மை. ஒரு அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு; அதில் ஒவ்வொரு ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரிதான் கணக்கு. அதனால் வீரர் ஆடப்போவதே இல்லாத கடைசி ஆண்டுகளுக்குச் சொற்பத் தொகையைப் போட்டுச் சராசரியைக் குறைத்தார்கள். 2010இல் நியூஜெர்சி அணி கோவல்சுக் என்ற வீரருக்கு எழுதிய 17 ஆண்டு, 10.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கடைசி ஐந்து ஆண்டுகளுக்குத் தலா ஐந்தரை லட்சம் டாலர்தான். ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 44 வயதாகியிருக்கும்! அதை என்.எச்.எல். நிராகரித்தது, சரி.

ஆனால் கோல்கீப்பர் லுவாங்கோவுக்கு வான்கூவர் அணி 2009இல் இதே பாணியில் கொடுத்த 12 ஆண்டு ஒப்பந்தத்தை அதே லீக் பதிவு செய்து அங்கீகரித்தது. பிறகு வீரர் சங்கத்தோடு செய்த 2013 உடன்பாட்டில், வீரர் ஒப்பந்தம் முடியுமுன் ஓய்வு பெற்றால் அணி சராசரியால் அடைந்த லாபத்தை அதன் உச்சவரம்பிலிருந்து கழிக்கும் புதிய விதி எழுதி, பழைய ஒப்பந்தங்களுக்கும் அதைப் பாய்ச்சியது. லுவாங்கோ 2014லேயே புளோரிடாவுக்கு மாறிவிட்டார். 2019இல் இடுப்புக் காயத்தோடு ஓய்வு பெற்றார். அதற்காக வான்கூவரின் உச்சவரம்பில் மூன்று பருவங்களுக்கு ஆண்டுதோறும் சுமார் 30 லட்சம் டாலர் வெட்டு விழுந்தது. ஒரு நல்ல தடுப்பாட்டக்காரருக்கான பணம் அது! இளம் வீரர்களை வளர்த்துக்கொண்டிருந்த அணிக்கு அது எத்தனை பெரிய அடி!

ஒப்பந்த நீளத்துக்கு அதே 2013 உடன்பாடு விதித்த எட்டு ஆண்டு வரம்பை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் தண்டனை விதியை வருங்கால ஒப்பந்தங்களோடு நிறுத்தியிருக்க வேண்டும். கையெழுத்திட்ட அணிக்குத் தண்டனை என்றால், ஒப்புதல் முத்திரை குத்திய லீக் நிர்வாகத்துக்கு என்ன தண்டனை? கட்டுரையாளர் அதையும் எழுதட்டும்.