கேஷ் வேறு, காசு வேறு (துரோகி எழுதுவது)

இரண்டு நாளாக ஆளாளுக்கு அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி "இது நீங்களா?" என்று கேட்கிறீர்கள். நானேதான். "கேஷ் நம் தமிழ்க் காசிலிருந்து பிறந்தது" என்று பசங்க பகிர்ந்துகொண்டிருந்த பதிவுக்குப் பதிலாக, "கேஷ் என்ற ஆங்கிலச் சொல் காசிலிருந்து வரவில்லை" என்று எழுதினேன். கிடைத்தது தமிழ்த் துரோகிப் பட்டம். சந்தோஷம்.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் ஒரு பெட்டி. லத்தீனில் காப்சா என்றால் பெட்டி. இத்தாலியன், பிரெஞ்சு என்று உருமாறி 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே முதலில் பணப்பெட்டிக்குப் பெயர், அப்புறம் உள்ளே கிடக்கும் பணத்துக்கே பெயர். நீங்கள் விழுங்கும் கேப்சூலும் அந்தப் பெட்டி போட்ட குட்டிதான்.

"அப்போ நம்ம காசு ஆங்கிலத்துக்குப் போகவே இல்லையா?" போயிருக்கிறது ஐயா! அடுத்த வரியிலேயே எழுதியிருந்தேன். படம் எடுத்த புண்ணியவான் அதை மட்டும் வெட்டிவிட்டார். நம் காசு போர்த்துக்கீசியர் வாயில் கய்ஷா ஆகி, ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் ஆனது. சில்லறை நாணயம் என்று பொருள். மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குப்படி 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் வராகன் என்ற ஒரு பொன் நாணயம். அந்தக் காசைத்தான் வெள்ளைக்காரன் கேஷ் என்று எழுதினான். நடுவில் ஓட்டை உள்ள சீன நாணயத்துக்கும் அதே பெயர். போதாததற்கு, போர்த்துக்கீசியத்தில் கய்ஷா என்றால் பெட்டியும்தான், குழப்பத்துக்குக் கேட்பானேன்! மறுபடி சொல்கிறேன், இரண்டு சொல், இரண்டு பிறப்பு.

ஒலி ஒத்துப்போகிறதாம். நதியும் ஆறு, எண்ணும் ஆறு. எது எதைப் பெற்றது?

வெள்ளைக்காரன் மறைத்துவிட்டானாம். அப்படியென்றால் கட்டுமரத்தையும் சுருட்டையும் தமிழ் என்று தன் அகராதியிலேயே ஏன் போட்டு வைத்தான்?

"பசங்க ஆசையா பகிர்றாங்க, கெடுக்காதே" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

என் அப்பா கேஷியர். கணக்கு உதைத்தால் ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டு முதல் கட்டிலிருந்து திரும்ப எண்ணுவார். கைக்காசைப் போட்டு நேராக்கிவிடலாமே என்றேன் ஒருமுறை. "அது கணக்கு இல்லடா, ஜோடனை" என்றார். எனக்கு அகராதி பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அவர் மகனிடம் "உங்கப்பன் இங்கிலீஷ்காரனா?" என்று கேட்கிறான், மீசை முளைக்காத ஒரு பையன். அதற்கு எங்கள் சொந்தக்காரர்களே பதினொரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். கேஷியர் மகன் அல்லவா.

குடும்பக் குழுவிலிருந்து என்னைத் தூக்கிய சித்தப்பா நேற்று ராத்திரி தனியாகக் கூப்பிட்டார். "அந்தக் கட்டுமரமாவது நிஜம்தானே?"

நிஜம்தான் சித்தப்பா. அதையாவது வெட்டாமல் போடுங்கள்.