கருவி வந்தது, தண்ணீர் மிஞ்சியதா?

அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதி விவசாயம் பற்றி நம் பக்கம் சுற்றி வரும் வீடியோக்கள் எல்லாம் ஒரே அச்சு. ட்ரோன் மேலே எழும்பும். கீழே காய்ந்த நிலத்துக்கு நடுவே வட்ட வட்டமாகப் பச்சை வயல். அப்புறம் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டிய மாடு. தொழில்நுட்பம் வறட்சியை ஜெயித்துவிட்டது என்று ஒரு குரல் உருக்கமாகச் சொல்லி முடிக்கும்.

கருவிகள் உண்மைதான், ஜெயித்த கதைதான் உண்மை இல்லை. நான் படித்துப் பார்த்த வரையில், அங்கே தண்ணீர் நிஜமாகவே மிச்சமான இடங்களில் இவ்வளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற வரம்பு முதலில் வந்திருக்கிறது. கருவி அதற்கு ஒத்தாசை செய்திருக்கிறது. வரம்பு இல்லாத இடத்தில் அதே கருவி தண்ணீரை இன்னும் சீக்கிரம் காலி செய்திருக்கிறது.

அந்தப் பச்சை வட்டங்களையே எடுத்துக்கொள்வோம். கொலராடோ விவசாயி ஃபிராங்க் ஸைபாக் 1952-இல் காப்புரிமை வாங்கிய சென்டர் பிவட் போட்ட வட்டங்கள் அவை. நடுவில் ஒரு போர்வெல், அதிலிருந்து சக்கரங்கள் மேல் நிற்கும் நீளமான குழாய். அது கடிகார முள்ளைப் போலச் சுற்றிச் சுற்றி நீர் தெளிக்கும். தண்ணீர் வருவது ஒகலாலா என்ற நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து. தெற்கு டகோடா தொடங்கி டெக்சஸ் வரை எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரந்து கிடக்கிற படுகை. ஆனால் மேற்கு கான்சாஸில் மழையால் அதற்குத் திரும்பக் கிடைப்பது வருடத்துக்கு ஒரு அங்குலம்கூட இல்லை. நடைமுறையில் அது ஒரு சுரங்கம்தான்.

பழைய பிவட்கள் உயரத்திலிருந்து பீய்ச்சி அடித்தன. பாதி வழியிலேயே காற்றும் வெயிலும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். அதனால் குழாயிலிருந்து நீள ஹோஸ்களைத் தொங்கவிட்டு, பயிருக்குப் பக்கத்தில் நீர் விடும் முறை வந்தது. நல்ல முன்னேற்றம். கான்சாஸ் அரசும் மானியம் கொடுத்துப் பரப்பியது. விளைவு என்ன என்று லிசா ஃபைஃபர், சிந்தியா லின் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அலசி 2014-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இந்த முறைக்கு மாறியவர்கள் நிலத்தடி நீரைக் குறைவாக எடுக்கவில்லை, கூடுதலாக எடுத்தார்கள்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இறைக்கிற ஒவ்வொரு லிட்டரும் முன்பைவிட அதிகம் விளைவிக்கிறது என்றால், அதிகம் இறைப்பதுதான் லாபம். தண்ணீர் அதிகம் கேட்கும் பயிருக்கு மாறலாம், பாசனத்துக்கு வெளியே விட்டிருந்த துண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நம் ஊரில் சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு நூறு சதவீத மானியம் என்று பெருமையாக அறிவிக்கிறோம். நல்லதுதான். ஆனால் மீட்டர் இல்லாத இலவச மின்சாரத்தில் ஓடும் மோட்டாரோடு அதைச் சேர்த்து வைத்தால், கடைசியில் கிணற்றில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று யார் அளக்கிறார்கள்?

சரி, கான்சாஸுக்கே வருவோம். அதே மாநிலத்தின் வடமேற்கில் ஷெரிடன், தாமஸ் மாவட்டங்களில் 99 சதுர மைல் பரப்பு ஒன்று உண்டு. ஷெரிடன் 6 என்று பெயர். அங்கே நீர்மட்டம் வேகமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த விவசாயிகளே பல கூட்டம் போட்டுப் பேசி, தங்கள் தண்ணீரைத் தாங்களே 20 சதவீதம் குறைத்துக்கொள்ள முடிவெடுத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் போடும் வரம்புக்குச் சட்ட வலு கொடுக்கும் ஏற்பாட்டை 2012-இல் மாநிலம் கொண்டுவந்தது. 2013-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏக்கருக்கு ஐந்து வருடத்தில் 55 அங்குலம், அதாவது அந்த நிலத்தில் தேக்கி வைத்தால் 55 அங்குல உயரம் நிற்கும் அளவு நீர். வருடத்துக்குச் சராசரி 11 அங்குலம்.

ஐந்து வருடக் கணக்கு என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். மழை பெய்த வருடம் மிச்சம் பிடித்துக் காய்ந்த வருடத்தில் செலவழிக்கலாம். எந்தப் பயிர், எந்த வயலுக்கு எவ்வளவு என்பதெல்லாம் விவசாயியின் இஷ்டம். மொத்தம் மட்டும் தாண்டக் கூடாது. அமெரிக்க மேற்கின் தண்ணீர்ச் சட்டம் காலம் காலமாகச் சொல்லிக்கொடுத்ததோ இதற்கு நேர் எதிர். முதலில் வந்தவனுக்கு முதல் உரிமை, பயன்படுத்தாவிட்டால் உரிமை போய்விடும். அந்தச் சட்டத்தின் கீழ் மிச்சம் பிடிக்கிறவன்தான் ஏமாளி.

இந்தத் திட்டத்தை ஆராய்ந்த ஓர் ஆய்வு, தண்ணீர்ப் பயன்பாடு சுமார் 26 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. இலக்கைவிட அதிகம். அதற்காகப் பாசன நிலத்தைப் பெரிதாகத் தரிசு போடவில்லை. பெரும்பாலும் அதே பயிருக்கே கொஞ்சம் குறைவாக நீர் விட்டுச் சமாளித்தார்கள். மக்காச்சோள விளைச்சல் பக்கத்து வயல்களைவிட ஒரு இழை குறைந்தது, ஆனால் இறைக்கிற செலவும் இடுபொருள் செலவும் குறைந்ததால் கையில் நின்ற காசு குறையவில்லை. மண்ணின் ஈரம் பார்க்கும் சென்சார் எல்லாம் அங்கேதான் உண்மையான மதிப்பு பெறுகிறது. ஒவ்வொரு அங்குலமும் கணக்கில் கழியும்போதுதானே இன்று நீர் விடலாமா வேண்டாமா என்று ஒரு கருவியைக் கேட்கத் தோன்றும்!

கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் இன்னொரு வழி பார்த்தார்கள். உருளைக்கிழங்கும் பார்லியும் விளையும் பூமி. 2002-இன் கொடும் வறட்சிக்குப் பின், அங்குள்ள விவசாயிகள் தாங்கள் இறைக்கும் நீருக்குத் தாங்களே கட்டணம் வைத்துக்கொண்டார்கள். ஏக்கர்-அடிக்கு, அதாவது ஏறத்தாழ 12.3 லட்சம் லிட்டருக்கு 75 டாலர். இறைப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2017-இல் வந்த ஆய்வு சொன்னது. ஆனால் அடுத்தடுத்து வந்த வறண்ட வருடங்கள் ஏறிய நீர்மட்டத்தை மறுபடி இறக்கிவிட்டன, கட்டணத்தைப் பலமடங்கு உயர்த்தும் பேச்சு வந்தது. இதை வெற்றிக் கதை என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் சரியான சண்டையைப் போடுகிறார்கள்.

மாட்டுப் பக்கமும் இதே கதைதான். இரும்பு வேலி இல்லாமல், பட்டையிலிருந்து வரும் ஒலியாலும் சிறு அதிர்ச்சியாலும் மாட்டை ஓரிடத்தில் நிறுத்தும் மெய்நிகர் வேலி இப்போது பரவுகிறது. பரந்த மேய்ச்சல் நிலத்தில் மைல் கணக்கில் கம்பி இழுக்கும் செலவைப் பார்த்தால் அதன் அருமை புரியும். அதைவிடப் பெரிய வாக்குறுதி ஒன்றும் உண்டு. மாடுகளை நெருக்கமான மந்தையாக இடம் மாற்றி மாற்றி மேய்த்தால் பாலையும் பசுமையாகும் என்று ஜிம்பாப்வே சூழலியலாளர் ஆலன் சேவரி பல வருடங்களாகச் சொல்லி வருகிறார். கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும்.

கொலராடோவின் நன் ஊருக்குப் பக்கத்து ஆராய்ச்சிப் புல்வெளியில், மாடு வளர்ப்பவர்கள், சூழல் அமைப்பினர், அரசு ஊழியர்கள் என்று 11 பேர் சேர்ந்து முடிவெடுக்கும் ஒரு பரிசோதனையை 2014 முதல் நடத்தினார்கள். ஒரு பக்கம் ஒரே மந்தையாக இடம் மாற்றி மேய்ச்சல், இன்னொரு பக்கம் பருவம் முழுக்க ஒரே இடத்தில் மேய்ச்சல், இரண்டிலும் நிலத்துக்குத் தகுந்த மாட்டு எண்ணிக்கை ஒன்றே. முதல் சில வருடங்களில் இடம் மாற்றிய மாடுகளின் எடை கூடுவது 12 முதல் 16 சதவீதம் குறைவாக இருந்தது. எதிர்பார்த்த புல் வளர்ச்சியும் கண்ணில் படவில்லை. கூட்டமாக நெருக்கி நிற்கும் மாட்டுக்கு நல்ல புல்லாகப் பார்த்துக் கடிக்க வழியில்லை. எனக்கு இந்தப் பரிசோதனை மிகவும் பிடிக்கும், ஏனென்றால் நடத்தியவர்களில் பலர் வேறு முடிவை எதிர்பார்த்தவர்கள், ஆனாலும் வந்ததை அப்படியே வெளியிட்டார்கள். மாடு எப்படி நகர்கிறது என்பதற்கு முன்னால் அந்த வருட மழைக்கு எத்தனை மாடு தாங்கும் என்ற கேள்வி நிற்கிறது. இதை 1878-லேயே, மேற்குப் பகுதியை ஆராய்ந்து அளந்த ஜான் வெஸ்லி பவல் எழுதி வைத்தார். அரசு ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த வறண்ட நிலத்தில் மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்றார். யாரும் காது கொடுக்கவில்லை.

நியூ மெக்சிகோவின் ஹோர்னாடா ஆய்வு நிலையம் வேறொன்று செய்து பார்க்கிறது. மெக்சிகோவின் சிவாவா மலைகளில் ராராமுரி மக்கள் வளர்த்து வந்த கிரியோயோ மாடுகளைக் கொண்டுவந்து அந்தப் பாலை நிலத்தில் மேய்க்கிறார்கள். சிறிய உடம்பு. ஆங்கஸ் போன்ற இனங்கள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியே நிற்கும்போது, இவை வெகுதூரம் நடந்து பரவலாக மேய்கின்றன. ஆனால் கன்றுகளை வாங்கி இறைச்சிக்காகக் கொழுக்க வைக்கும் ஃபீட்லாட்டுக்காரர்கள் பெரிய கன்றுக்குத்தான் விலை கொடுப்பார்கள். நிலத்துக்கு ஏற்ற மாடு சந்தைக்கு ஏற்ற மாடாக இல்லாததால், ஆராய்ச்சி ஜெயித்தும் பண்ணைக்காரர் தயங்குகிறார்.

குதிரைமசால் என்ற மாட்டுத் தீவனப் பயிரைத் திட்டாமல் இந்தப் பேச்சு முடியாது என்பது வழக்கம். கொலராடோ ஆற்றுப் படுகையில் மனிதர் நேரடியாகப் பயன்படுத்தும் நீரில் 46 சதவீதம் மாட்டுத் தீவனப் பயிருக்குப் போகிறது என்று 2024 ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கோபம் வருவது நியாயம். ஆனால் குதிரைமசாலுக்கு ஆழமான வேர். கோடையில் சில வாரம் நீரை நிறுத்தினால் தூங்கும், செத்துப் போகாது. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் 2024-இல் விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து அப்படி நிறுத்தச் சொன்னார்கள். பயிரைத் தடை செய் என்று கத்துவதைவிட எனக்கு இது புத்திசாலித்தனமாகப் படுகிறது.

ஷெரிடன் 6-ஐப் பார்த்து வடமேற்கு கான்சாஸில் இன்னும் பெரிய பரப்புக்கு 2018-இல் வரம்பு வந்தது. சில விவசாயிகள் வழக்குப் போட்டார்கள், வரம்பு நிலைத்தது. தென்மேற்குப் பகுதி இதையெல்லாம் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தது. 2023-இல் மாநிலம் போட்ட சட்டப்படி, எந்தெந்த இடத்தில் நீர் தீரும் நிலை என்று குறித்து, அதற்கான திட்டத்தை 2026 ஜூலை 1-க்குள் நிலத்தடி நீரை நிர்வகிக்கும் ஒவ்வொரு வட்டார அமைப்பும் கொடுத்தாக வேண்டும். அந்தத் திட்டங்கள் வரும்போது புதுப் பிவட், புது ஆப் பற்றிய பக்கங்களைப் புரட்டிவிட்டு, ஏக்கருக்கு எத்தனை அங்குலம் என்று எழுதியிருக்கிறார்களா என்றுதான் முதலில் தேடப் போகிறேன்.