லாக் புக்கில் எல்லாம் சரியாக இருக்கிறது

இன்டர்ன்ஷிப்பில் செய்த வேலைகளை எழுதிக் கையெழுத்து வாங்கும் நோட்டுதான் லாக் புக். நேற்று அதைக் கல்லூரியில் ஒப்படைத்துவிட்டு வந்தேன். வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் போடும் ஊசிக் குழாய்) போட்டது இத்தனை, சக்‌ஷன் (தொண்டையில் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பது) இத்தனை, இசிஜி எடுத்தது இத்தனை, பிரசவத்தில் உதவியது 5 என்று பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, சீல். புரட்டிப் பார்த்த எங்கள் சார், "நல்லா பண்ணியிருக்கம்மா" என்றார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

நான் படித்தது பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி. சொந்தக்காரர்களிடம் சொன்னால் "நர்ஸா?" என்பார்கள். இல்லை என்றால் "அப்ப டாக்டரா?" என்பார்கள். "ஆம்புலன்ஸ்ல பேஷன்ட் பக்கத்துல உட்கார்ந்து வருவாங்களே, அவங்க" என்று சொன்னால்தான் புரியும். மூன்று வருடம் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். "இன்டர்ன்ஷிப்ல கை பழகிடும்" என்ற ஒரே வாக்கியத்தை வைத்து மூன்று வருடத்தை ஓட்டிவிட்டார்கள். சந்தேகம் எது கேட்டாலும் அதே பதில்தான்.

லேபில் இருந்த பொம்மையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இதயம் நின்றுபோனவருக்குச் செய்யும் சிபிஆர் என்றால் நெஞ்சை 5 செ.மீ. அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே வர விட வேண்டும். எங்கள் பொம்மைக்கு ஸ்பிரிங் போய்விட்டது. அழுத்தினால் உள்ளே போகும், வராது. ஒருத்தி பின்னாலிருந்து தூக்கிவிட, இன்னொருத்தி அழுத்த, அப்படித்தான் பழகினோம். ஊசி பழகும் ரப்பர் கையில் எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் குத்திய ஓட்டையே நரம்பு மாதிரி தெரியும். யாரும் தவற விட்டதில்லை.

பிறகு கேஷுவாலிட்டிக்கு அனுப்பினார்கள். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், பெரியது, எப்போதும் கூட்டம். ஒரு கட்டிலைச் சுற்றி ஹவுஸ் சர்ஜன் இரண்டு பேர், நர்சிங் மாணவிகள் நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் நாங்கள். அங்கே எங்கள் யாருக்கும் பெயர் கிடையாது, எல்லோருமே "பாராமெடிக்கல்"தான். "பாராமெடிக்கல், இந்த பிளட்டை லேப்ல குடுத்துட்டு வா." "பாராமெடிக்கல், சிடிக்கு ட்ராலி தள்ளு." முதல் இரண்டு மாதத்தில் அந்த மருத்துவமனையின் லிஃப்ட் எது எப்போது நிற்கும் என்று எனக்கு மனப்பாடம். மூச்சு திணறி வருகிறவருக்கு ஆம்பு பேக் (கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் பை) மாஸ்க்கை எந்தக் கோணத்தில் பிடித்தால் காற்று வெளியே கசியாது என்று காட்டித்தர ஆள் இல்லை.

சிஸ்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாள் வயிற்றுப்போக்கில் வற்றிப்போய் ஒரு பாட்டி வந்தார். என் கூடப் படிப்பவன் முதலில் முயன்றான், நரம்பு புடைத்து வீங்கிவிட்டது. அடுத்து என் முறை. கை துடைத்து, பச்சை வென்ஃப்ளான் எடுப்பதா, அதைவிட மெல்லிய பிங்க் எடுப்பதா என்று நான் யோசிப்பதற்குள் சிஸ்டர் என்னை நகர்த்திவிட்டு, மறு கையில் ஒரே குத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தப் பாட்டியின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும்! "நீ குத்தலையே கண்ணு?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். சிஸ்டர் செய்தது சரி. அவருக்கு அந்த ஷிப்டில் இன்னும் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவருடைய வேலை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அதற்கு நேரமும் ஒதுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொள்வார்கள் என்று கல்லூரி நினைக்கிறது. கற்றுக்கொண்டுதான் வந்திருப்பார்கள் என்று ஆஸ்பத்திரி நினைக்கிறது. நடுவில் நாங்கள் ட்ராலி தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

அந்த மாதங்களில் எனக்கு உருப்படியாக ஒன்று சொல்லிக்கொடுத்தது அங்கே துப்புரவு வேலை பார்த்த ஆயாம்மா. பருமனான ஒருவரை ட்ராலியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற முடியாமல் நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தேன். "கண்ணு, ஆளைத் தூக்காத, பெட்ஷீட்டைத் தூக்கு" என்றார். விரிப்பின் ஓரத்தை உருளையாகச் சுருட்டி உடம்போடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். "ட்ராலி பிரேக்கைப் போட்டியா?" என்று கேட்டார். நான் போடவில்லை. லாக் புக்கில் இதற்குப் பக்கம் இல்லை, ஆயாம்மாவின் கையெழுத்தும் இல்லை.

எங்கள் படிப்பின் பெயரிலேயே எமர்ஜென்சி இருக்கிறது, ஆனால் வருடம் முழுக்க ஆம்புலன்ஸ் வண்டியில் ஏறியது ஒரே வாரம். அந்த வாரம்தான் படிப்பு. ஓடுகிற வண்டியில் பிபி பார்க்க ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்தால் இன்ஜின்தான் கேட்கும். நான் காதை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வண்டியில் வேலை பார்க்கும் அக்கா ஸ்டெத்தைக் கழற்றச் சொன்னார். மணிக்கட்டில் நாடியைப் பிடி, கையில் சுற்றிய கஃப்பில் காற்றை ஏற்று, நாடி மறைந்ததும் இன்னும் கொஞ்சம் ஏற்றி மெதுவாக இறக்கு, நாடி எங்கே திரும்பி வருகிறதோ அதுதான் பிபியின் மேல் நம்பர், கீழ் நம்பரை விட்டுவிடு. புத்தகத்தில் இது ஒரு வரியாக இருந்தது, பரீட்சைக்கு யாரும் கேட்காத வரி. இரண்டாம் மாடியில் விழுந்தவரை ஸ்பைன் போர்டில் (முதுகெலும்பு அசையாமல் படுக்க வைக்கும் நீளப் பலகை) கட்டியபிறகு, அந்தப் போர்டு மாடிப்படித் திருப்பத்தில் திரும்பாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. வண்டி ஓட்டும் பைலட் அண்ணன், "ஏறும்போதே படியை அளந்து பார்க்கணும் தங்கச்சி" என்றார். இது கேஷுவாலிட்டியில் பத்து வருடம் நின்றாலும் வராது.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு 108 வந்தபோது நான் பால்வாடிக் குழந்தை. 2021-இல் எங்களைப் போன்றவர்களுக்கென்றே நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு, தேசிய ஆணையம் அமைத்து, அட்டவணையில் எங்கள் தொழிலையும் சேர்த்தார்கள். சந்தோஷம்தான். பிரிட்டனில் பாராமெடிக் மாணவர்கள் ஆம்புலன்ஸில் பயிற்சி எடுக்கும்போது அவர்களை மதிப்பிட்டுக் கையெழுத்துப் போடுவதற்கென்று பயிற்சி பெற்ற மூத்த பாராமெடிக் ஒருவர் இருப்பார். அங்கே போல எல்லாம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இன்டர்ன்ஷிப்பில் நாலில் ஒரு பங்காவது வண்டியில் கொடுங்கள். கேஷுவாலிட்டியில் ஒரு ஷிப்டுக்கு ஒரு ஆளை எங்களுக்கென்று விடுங்கள், அந்த ஷிப்டில் அவருக்கு வேறு கட்டில் வேண்டாம். எத்தனை தடவை செய்தாள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, இவளைத் தனியாக விடலாமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஸ்பிரிங்கையும் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

கடைசி நாள் சிஸ்டரிடம் நோட்டை நீட்டியபோது நல்ல கூட்டம். "எத்தனை பக்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஒரே மூச்சில் போட்டுக்கொடுத்தார். நானும் வாயைத் திறக்கவில்லை, எனக்கு நோட்டு நிறைய வேண்டியிருந்தது. அடுத்த மாதம் வேலையில் சேருகிறேன். வண்டிக்கு வருவதில் பிரசவ வலி கேஸ்தான் அதிகம் என்று அந்த அக்கா சொன்னார். நோட்டில் 5 பிரசவம் என்று இருக்கிறது. நான் பார்த்தது 2. அதிலும் ஒன்றில் கரண்ட் போய்விட்டதால் எனக்குக் கொடுத்த வேலை, செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது.